களத்தைத் தொலைத்த பாடம்: அரசுப் பல்கலைக்கழகங்களில் சுற்றுச்சூழல் படிப்பு

தமிழ்நாட்டில் எந்தக் கலை அறிவியல் கல்லூரியில் எந்தப் பட்டம் படித்தாலும், அது பி.காம். ஆனாலும் சரி, பி.ஏ. தமிழ் இலக்கியம் ஆனாலும் சரி, பகுதி நான்கில் ‘ஈ.வி.எஸ்.’ என்று மாணவர்கள் அழைக்கும் சுற்றுச்சூழல் தாளை எழுதியாக வேண்டும். அதில் தேறாமல் பட்டம் கைக்கு வராது. பொறியியல் மாணவர்களுக்கும் அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் இதே போன்ற ஒரு தாள் உண்டு. நாடு முழுவதும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான இளைஞர்கள் படித்து எழுதும் தாள் இது. இத்தனை பேர் படித்தும் நம் ஊர் ஏரியைப் பற்றி, ஆற்றைப் பற்றிப் பேச ஆள் கிடைப்பதில்லை. இன்னொரு பக்கம் சுற்றுச்சூழல் அறிவியலையே முதன்மைப் பாடமாக எடுத்து முதுநிலையும் முனைவர் பட்டமும் முடித்தவர்கள் வேலைக்கு அலைகிறார்கள். இந்த இரண்டு நிலைமைக்கும் வேர் ஒன்றே என்பது என் எண்ணம். அதை விளக்க, பாடம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தக் கட்டாயப் பாடம் நீதிமன்றத்தில் பிறந்தது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு பிறப்பித்தது. திரையரங்குகளில் சுற்றுச்சூழல் பற்றிய சிலைடுகள் காட்ட வேண்டும், வானொலியிலும் தொலைக்காட்சியிலும் நிகழ்ச்சிகள் வர வேண்டும், பள்ளி முதல் கல்லூரி வரை சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக வைக்க வேண்டும் என்றது. போபால் விஷவாயு விபத்து நடந்து ஏழு ஆண்டுகளே ஆகியிருந்த நேரம் அது. 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டமும் வந்திருந்தது. சட்டம் மட்டும் போதாது, மக்களுக்குத் தெரிந்தால்தான் அது நடக்கும் என்று நீதிபதிகள் நினைத்தார்கள். உத்தரவு வந்தும் பத்தாண்டுக்கு மேல் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. மேத்தா மறுபடியும் நீதிமன்றப் படி ஏறினார். 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்ன பிறகுதான் வேலை வேகம் பிடித்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆறு மாதப் பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. புனேயின் பேராசிரியர் எராச் பரூச்சா எழுதிய பாடநூலும் வெளிவந்தது.

அந்தப் பாடத்திட்டத்தை இன்று எடுத்துப் படித்தாலும் அது நல்ல திட்டமாகவே தெரிகிறது. மொத்தம் ஐம்பது வகுப்பு, எட்டு அலகு. இயற்கை வளம், சூழல் தொகுதி, பல்லுயிர், மாசு, சமூகப் பிரச்சினைகள், மக்கள்தொகை என்று போய், எட்டாவது அலகு களப்பணி. உள்ளூர் ஆறு, காடு, புல்வெளி, மலை ஏதாவது ஒன்றுக்குப் போய் அங்கே இருப்பதைப் பதிவு செய்ய வேண்டும். மாசுபட்ட இடம் ஒன்றைப் பார்க்க வேண்டும். சாதாரணச் செடி கொடி, பூச்சி, பறவை இவற்றை அறிய வேண்டும். குளம், மலைச்சரிவு போன்ற எளிய சூழல் தொகுதி ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதிப்பெண்ணையும் அப்படியே பிரித்திருந்தார்கள். நூற்றுக்கு 25 சிறு வினா, 50 கட்டுரை வினா, மீதி 25 களப்பணிக்கு. கால் பங்கு மதிப்பெண் வகுப்பறைக்கு வெளியே. இதற்குப் பெரிய பணம் தேவையில்லை. பேருந்துக் கட்டணமும் ஒரு நோட்டும் ஒரு ஆசிரியரின் அரை நாளும் போதும்.

அந்தக் கால் பங்கைத்தான் நாம் தொலைத்தோம். நம் பல்கலைக்கழகங்களின் வழக்கமான 25 அகமதிப்பீடு, 75 எழுத்துத் தேர்வு என்ற அச்சுக்குள் இந்தத் தாளையும் அடைத்தபோது, களப்பணி பல இடங்களில் ‘அசைன்மென்ட்’ ஆகச் சுருங்கியது. ஒரு மாணவர் எழுதியதை வகுப்பே பார்த்து எழுதும். கல்லூரி வாசல் ஜெராக்ஸ் கடையில் போன ஆண்டு ‘ப்ராஜெக்ட்’ நகல் கிடைக்கும், அட்டையில் பெயரை மாற்றினால் போதும். நான் பார்த்த நோட்டுகளில் சிப்கோ இயக்கம் இருந்தது, அமைதிப் பள்ளத்தாக்கு இருந்தது, ஓசோன் ஓட்டை இருந்தது. கல்லூரிச் சுவரை ஒட்டி இருந்த குளம் ஒன்றில்கூட இல்லை. மாணவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை. யாரும் அவர்களைக் குளத்துக்குக் கூட்டிப் போகவில்லை.

யார் பாடம் நடத்துகிறார்கள் என்பதும் முக்கியம். பெரும்பாலான கல்லூரிகளில் இந்தத் தாளுக்கென்று ஆசிரியர் பணியிடம் கிடையாது. எந்தத் துறையில் ஆசிரியருக்கு வகுப்பு நேரம் குறைவாக இருக்கிறதோ, அங்கே இந்தத் தாள் போய்ச் சேரும். விலங்கியல் ஆசிரியர் எடுத்தால் உணவுச் சங்கிலி நன்றாக வரும். வணிகவியல் ஆசிரியரோ ஆங்கில ஆசிரியரோ எடுத்தால் கையேட்டை வாசித்துக் குறிப்பெடுக்கச் சொல்வார். அவரும் வேறென்ன செய்வார்? அதே ஊரில் சுற்றுச்சூழல் அறிவியலில் ‘நெட்’ தேர்ச்சி பெற்ற ஒருவர் கோச்சிங் சென்டரில் பொது அறிவு நடத்திக்கொண்டிருப்பார். பல்கலைக்கழக மானியக் குழுவின் அந்தத் தகுதித் தேர்வில் இந்தப் பாடத்துக்குத் தனித் தாளே இருக்கிறது. தேறியவர்களுக்கு உட்கார நாற்காலி போடவில்லை.

முதன்மைப் பாடமான சுற்றுச்சூழல் அறிவியலும் மற்ற நாடுகளில் புத்தகத்திலிருந்து முளைக்கவில்லை. இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகம் 1967-இல் சுற்றுச்சூழல் அறிவியலுக்கென ஒரு புலத்தைத் தொடங்கியது. 1969 ஜனவரியில் கலிபோர்னியாவின் சான்டா பார்பரா கடற்கரைக்கு அப்பால் எண்ணெய்க் கிணறு ஒன்று வெடித்துக் கச்சா எண்ணெய் கரை ஒதுங்கியது. அடுத்த ஆண்டே அந்த ஊரில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் படிப்பு தொடங்கப்பட்டது. கரையில் நடந்ததை விளக்க வேதியியலாலும் தனியாக முடியவில்லை, சட்டத்தாலும் முடியவில்லை. அதனால் பல துறையினரும் ஒரே மேசைக்கு வந்தார்கள். 1972 ஸ்டாக்ஹோம் மாநாடு இதற்கு உலக அளவில் ஓர் உந்துதல் தந்தது. இந்தியாவில் டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் எழுபதுகளிலேயே சுற்றுச்சூழல் அறிவியல் புலம் அமைத்தது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளும் பெற்றோரும் எல்லாவற்றையும் ஒன்றாகவே நினைக்கிறார்கள். மேலே சொன்ன கட்டாயத் தாள் ஒரு வகை. எம்.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல் தனிப் பட்டம். நீர், காற்று, மண், உயிர், சட்டம் எல்லாம் அதில் கலந்து வரும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைப்பது சுற்றுச்சூழல் பொறியியல். அண்ணா பல்கலைக்கழகத்தில் அதற்கு நெடுநாளாகத் தனி மையமே இருக்கிறது. பெரும்பாலும் சிவில் பொறியியல் முடித்தவர்கள் அங்கே போவார்கள். யானை, பறவை, காடு என்று போக விரும்புகிறவர்களுக்குச் சூழலியலும் காட்டுயிரியலும் உண்டு. புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்தில் சாலிம் அலி பெயரில் ஒரு புலம் இருக்கிறது. மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரி காட்டுயிரியலுக்குப் பேர் போனது. மேட்டுப்பாளையத்தில் வனவியல் கல்லூரி இருக்கிறது. புலி ஆராய்ச்சி ஆசையோடு வந்து கழிவுநீர்ப் பகுப்பாய்வில் மாட்டிக்கொண்டு மனம் வெறுத்தவர்களை நான் அறிவேன். சேரும்போதே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு ஆண்டுகள் மிச்சமாகியிருக்கும்.

தமிழ்நாட்டு அரசுப் பல்கலைக்கழகங்களை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெரியும். ஒவ்வொன்றும் ஒரு பெரிய சூழல் பிரச்சினையின் வாசலில் உட்கார்ந்திருக்கிறது. கோயம்புத்தூர் பாரதியார் பல்கலைக்கழகம் மருதமலை அடிவாரத்தில், நொய்யல் படுகையில். திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் காவிரி டெல்டாவின் தலையில். திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தோல் தொழிற்சாலைக் கழிவு ஓடிய பாலாற்று மாவட்டத்தில். அழகப்பா பல்கலைக்கழகத்துக்குத் தொண்டிக் கடற்கரையில் ஒரு வளாகம். மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மையம் ஆழ்வார்குறிச்சியில், பொதிகை மலைக்குக் கீழே. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் பரங்கிப்பேட்டையில், வெள்ளாறு கடலில் கலக்கும் இடத்தில், பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு அருகே. எவ்வளவு கட்டணம் வாங்கும் தனியார் பல்கலைக்கழகமும் இந்த இட அமைப்பை வாங்க முடியாது. அரசுப் பல்கலைக்கழகத்தில் சுற்றுச்சூழல் படிப்பதன் முதல் லாபம் குறைந்த கட்டணம் என்று நினைக்கிறோம். என் கணக்கில் முதல் லாபம் இந்த இடம்தான். கட்டணம் அதற்கு அடுத்தது.

ஆய்வுக்கூடத்தில் என்ன கற்றுத் தருகிறார்கள் என்பதற்கு ஒரு சோதனையைப் பார்ப்போம். தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை அளக்க விங்க்ளர் முறை என்று ஒன்று உண்டு. எந்த எம்.எஸ்சி. மாணவரும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லிவிடுவார். 300 மில்லி பிடிக்கும் கண்ணாடிப் புட்டியை ஒரு குமிழிகூட நுழையாமல் ஆற்றுக்குள் அமிழ்த்தி நிரப்ப வேண்டும். அங்கேயே, கரையிலேயே, மாங்கனீஸ் சல்பேட்டையும் காரம் கலந்த அயோடைடு கரைசலையும் விட்டு மூடியைப் போட்டுக் கவிழ்த்துக் குலுக்க வேண்டும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்தால் பழுப்பு நிறத்தில் படிவு திரளும். ஆக்சிஜன் இல்லாவிட்டால் படிவு வெள்ளையாகவே நிற்கும். நகரக் கழிவு கலக்கும் இடத்தில் எடுத்த புட்டியில் அந்த வெள்ளைப் படிவைப் பார்த்த மாணவருக்குச் செத்த ஆறு என்றால் என்ன என்று யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பிறகு ஆய்வுக்கூடத்துக்கு வந்து கந்தக அமிலம் விட்டால் படிவு கரைந்து மஞ்சளாகும். அதில் பியூரெட்டிலிருந்து தயோசல்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்டார்ச் நீலம் மறையும் புள்ளியைப் பிடிக்க வேண்டும். இந்தச் சோதனையின் முதல் பாதியைக் கரையிலேயே முடித்தாக வேண்டும் என்பதைக் கவனியுங்கள். நேரம் கழித்தால் அளவு மாறிவிடும். களத்துக்குப் போகாமல் இதைச் சரியாகச் செய்ய வழியே இல்லை.

இதன் தொடர்ச்சிதான் பி.ஓ.டி. தண்ணீரில் உள்ள அழுக்கைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் எடுத்துக்கொள்கின்றன என்ற அளவு அது. உலகப் பாடநூல்களில் இதற்கு 20 டிகிரி வெப்பத்தில் ஐந்து நாள் என்று இருக்கும். அந்த ஐந்து நாளுக்குப் பின்னால் ஒரு நாட்டின் புவியியல் இருக்கிறது. பிரிட்டனில் கழிவுநீர் பற்றி ஆராய்ந்த அரசு ஆணையம் 1912 அறிக்கையில் அந்த நாட்டு ஆறுகளின் வெப்பத்தையும், ஆற்றுநீர் கடலைச் சேர எடுக்கும் காலத்தையும் மனதில் வைத்துத்தான் அந்தக் காலக்கெடுவை வகுத்தது என்று பாடநூல்கள் சொல்கின்றன. நம் ஊர் வெயிலில் நுண்ணுயிர் அவ்வளவு காத்திருக்காது. அதனால் இந்தியத் தர அளவுகளில் 27 டிகிரியில் மூன்று நாள் என்று மாற்றிக்கொண்டார்கள். ஆற்றிலும் ஏரியிலும் விடும் கழிவுநீரில் இந்த அளவு லிட்டருக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது. அளவுகோல்கூட ஒரு நிலத்தில் பிறக்கிறது, இன்னொரு நிலத்துக்கு வரும்போது அதைத் திருத்த வேண்டியிருக்கிறது. இந்த ஒரு சேதியை மனதில் பதிய வைத்தாலே பாதிப் படிப்பு முடிந்தது.

மீதிப் பாதிக்கு நொய்யல் இருக்கிறது. பி.ஓ.டி. மட்டும் படித்தவர் திருப்பூருக்குப் போனால் திணறிப்போவார். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். சாதாரண உப்போ சோடியம் சல்பேட்டோ நிறையப் போட வேண்டும். சாயம் துணியில் ஒட்டும், உப்பு தண்ணீரோடு போய்விடும். நுண்ணுயிருக்கு உப்பைத் தின்னத் தெரியாது. எத்தனை நாள் காற்று ஊதிச் சுத்திகரித்தாலும் உப்பு அப்படியே இருக்கும். 1992-இல் சென்னிமலைக்கு அருகே பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, விவசாயிகளுக்குத் தண்ணீர் தருவதற்குப் பதில் சாயக்கழிவு தேங்கும் தொட்டி ஆனது. கீழே உள்ள கிணறுகள் உப்பாகின. விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத நிலை வரும் வரை சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு சவ்வூடு வடிகட்டல், ஆவியாக்கிகள் என்று தொழில்நுட்பம் வந்தது. தண்ணீர் திரும்பக் கிடைத்தது. பிரித்தெடுக்க முடியாத கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகச் சுத்திகரிப்பு நிலையங்களில் சேர்ந்தது. ஆற்றிலிருந்த பிரச்சினை கிடங்குக்கு மாறியது. வேதியியல், பொறியியல், விவசாயம், சட்டம், பின்னலாடை ஏற்றுமதி, தொழிலாளர் கூலி இத்தனையும் முடிச்சுப் போட்டுக் கிடக்கும் இந்த ஒரு ஆற்றை வைத்து ஒரு பருவம் முழுக்கப் பாடம் நடத்தலாம். கட்டாயத் தாளின் கையேடுகளில் நொய்யலுக்கு இரண்டு வரி கிடைத்தால் அதிகம்.

விவாதிக்கக் கற்றுத் தருவதும் இந்தப் படிப்பின் கடமை. அதற்குப் பரங்கிப்பேட்டையைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசன், ராஜேந்திரன் இருவரும் அந்தக் கடற்கரையின் 18 குப்பங்களை ஆராய்ந்து, அலையாத்திக் காடும் கரையோர மரங்களும் இருந்த இடங்களில் உயிர்ச்சேதம் குறைந்தது என்று 2005-இல் எழுதினார்கள். உலகமே அதை எடுத்துப் பேசியது. அதே ஆண்டு கடலூர் மாவட்டத்தை ஆராய்ந்த இன்னொரு பன்னாட்டுக் குழுவும் மரங்கள் காத்தன என்றே சொன்னது. 2006-இல் வேறு மூன்று ஆய்வாளர்கள் பரங்கிப்பேட்டைக் கணக்கை மறுபடி போட்டுப் பார்த்தார்கள். கடலிலிருந்து எவ்வளவு தூரம், நிலம் எவ்வளவு உயரம் என்ற இரண்டுமே பெரும்பகுதி வேறுபாட்டை விளக்கிவிடுகின்றன, மரத்தின் பங்கைத் தனியாகப் பிரித்துக் காட்ட முடியவில்லை என்று மறுத்தார்கள். மேட்டில், கடலை விட்டுத் தள்ளி இருக்கும் ஊருக்கு முன்னால் காடும் இருக்கும். எது காத்தது?

அலையாத்தி வேண்டாம் என்று இதற்குப் பொருள் எடுத்துக்கொள்ளக் கூடாது. மீன் குஞ்சுகளுக்கும் கரை அரிப்புக்கும் அதன் நன்மை வேறு கணக்கு. நாம் விரும்பும் முடிவாகவே இருந்தாலும் எண்களைச் சந்தேகிக்க வேண்டும் என்ற ஒழுக்கத்தை இந்த விவாதம் கற்றுத் தருகிறது. நம் ஊர்க் குப்பங்களை வைத்து உலக ஆய்விதழில் நடந்த சண்டை இது. தமிழ்நாட்டின் ஒவ்வொரு சுற்றுச்சூழல் மாணவரும் மூன்று கட்டுரைகளையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பேன்.

சட்டப் பக்கத்துக்கும் உள்ளூரிலேயே பாடம் உண்டு. பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகளுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் வந்த தீர்ப்புதான், முன்னெச்சரிக்கைக் கொள்கையையும் மாசு செய்தவரே ஈடு தர வேண்டும் என்ற கொள்கையையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று நிலைநாட்டியது. இன்று நாடு முழுக்க எந்தச் சுற்றுச்சூழல் வழக்கிலும் அந்தத் தீர்ப்பை எடுத்துக் காட்டுகிறார்கள். மத்திய அரசின் 2006 அறிவிக்கையின்படி பெரிய திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடும், பலவற்றுக்குப் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டமும் நடத்த வேண்டும். அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் தர வேண்டும். முழு அறிக்கை நூற்றுக்கணக்கான பக்கம், ஆங்கிலத்தில். 2020-இல் இந்த அறிவிக்கையைத் திருத்த வந்த வரைவு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும் வந்தபோது, எட்டாவது அட்டவணை மொழிகள் எல்லாவற்றிலும் தரச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். கருத்துக் கேட்புக் கூட்டத்தில் மைக் பிடிக்கும் மீனவருக்கும் விவசாயிக்கும் அந்த அறிக்கையில் இருக்கும் காற்று மாதிரியை, நிலத்தடி நீர் அட்டவணையை விளக்கிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? அந்த மாவட்டத்தின் அரசுப் பல்கலைக்கழகம் அங்கே இருக்க வேண்டும். திட்டத்தை எதிர்க்கவோ ஆதரிக்கவோ வேண்டாம். அட்டவணையைப் படித்துச் சொன்னால் போதும்.

வேலை வாய்ப்பைப் பற்றிப் பேசாமல் இந்தப் படிப்பைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. முதலில் கசப்பான ஒன்று. இந்திய வனப்பணித் தேர்வு எழுத, பட்டப்படிப்பில் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புள்ளியியல், நிலவியல், கால்நடை அறிவியல் இவற்றில் ஒன்றாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் வேண்டும். சுற்றுச்சூழல் அறிவியல் அந்தப் பட்டியலில் இல்லை. காட்டைக் காக்கும் பணிக்குக் கணிதப் பட்டதாரி விண்ணப்பிக்கலாம். சுற்றுச்சூழல் பட்டதாரி, உடன் பாடமாக வேதியியல், தாவரவியல் போன்ற அந்தப் பட்டியல் பாடம் ஒன்றை எடுத்திருந்தால் மட்டுமே விண்ணப்பிக்கலாம். நாட்டின் உச்ச நீதிமன்றம் எல்லாருக்கும் கட்டாயமாக்கிய பாடத்தை நாட்டின் வனப்பணித் தேர்வு ஒரு தகுதியாக மதிக்கவில்லை என்பது பெரிய அநீதி.

மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 முதல் இயங்குகிறது. அங்கே சுற்றுச்சூழல் விஞ்ஞானி பணியிடங்கள் உண்டு. ஆனால் அறிவிப்பு எப்போதாவது வரும், வரும்போது வேதியியல், நுண்ணுயிரியல் முதுநிலை முடித்தவர்களும் அதே வரிசையில் நிற்பார்கள். தனியார் பக்கம் கதவு கொஞ்சம் அகலமாகத் திறந்திருக்கிறது. சுத்திகரிப்பு நிலையங்கள், தண்ணீர்ப் பரிசோதனைக் கூடங்கள், தாக்க மதிப்பீட்டு ஆலோசனை நிறுவனங்கள் என்று வேலை இருக்கிறது. சந்தை மதிப்பில் முதல் ஆயிரம் இடங்களில் இருக்கும் பட்டியலிட்ட நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் தங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கையைக் கட்டாயம் தர வேண்டும் என்று செபி சொன்ன பிறகு, கார்பன் கணக்கு போடத் தெரிந்தவர்களுக்குத் தேவை கூடியிருக்கிறது. இந்த வேலைகளுக்கு எக்ஸெல் நன்றாகத் தெரிய வேண்டும், வரைபட மென்பொருள் தெரிய வேண்டும், புள்ளியியல் பயம் போயிருக்க வேண்டும், நாலு பக்க அறிக்கையைப் பிழையில்லாமல் எழுத வர வேண்டும். நம் பாடத்திட்டங்கள் பலவற்றில் இவை ஓரத்தில்தான் கிடக்கின்றன.

வசதிக்குறை வேறு. அரசுப் பல்கலைக்கழகங்களின் நிதி நெருக்கடி செய்தித்தாள் படிப்பவர்கள் எல்லாருக்கும் தெரியும். ஓய்வு பெற்றவர் இடத்தில் ஆள் போடாமல் கௌரவ விரிவுரையாளர்களைக் கொண்டு ஓட்டுகிறார்கள். அவர்களுக்கு நிரந்தரமும் இல்லை, ஆய்வுக்கு நிதியும் இல்லை. பழைய திட்ட நிதியில் வாங்கிய விலை உயர்ந்த கருவி பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்து துணி போர்த்தி நிற்கும். அந்தக் கருவிக்கு ஒரு விளக்கு வாங்கக் கோப்பு நகர்ந்து ஒரு பருவம் போய்விடும். மாணவர் உலோக மாசு ஆய்வுக்கு மாதிரியை வெளி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, தன் உதவித்தொகையிலிருந்து கட்டணம் கட்டுவார். கருவியைத் தொட்டுப் பார்க்காமலே முனைவர் ஆகிறவர்கள் உண்டு. இதற்கு அவர்களைக் குற்றவாளி ஆக்க மாட்டேன்.

இவ்வளவுக்கும் நடுவில் பல்கலைக்கழக மானியக் குழு 2023-இல் இளநிலைச் சுற்றுச்சூழல் கல்விக்குப் புதிய வழிகாட்டலை வெளியிட்டது. நான்கு கிரெடிட். காலநிலை மாற்றத்துக்குத் தனி அலகு, மாசும் உடல்நலமும் ஒரு அலகு, சட்டங்களும் ஒப்பந்தங்களும் ஒரு அலகு, களப்பணியும் உண்டு. தாளில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இருபது ஆண்டுக்கு முன்பும் தாளில் சரியாகத்தான் இருந்தது. களப்பணிக்குத் தனித் தேர்ச்சி வைக்காமல், அதற்கு ஆசிரியர் நேரம் ஒதுக்காமல் விட்டால் இதுவும் அதே வழியில்தான் போகும்.

செய்யக்கூடியது ஒன்றும் பெரிய காரியமில்லை. ஒவ்வொரு அரசுக் கல்லூரியும் நடந்து போகும் தூரத்தில் உள்ள ஒரு நீர்நிலையைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளட்டும். கோயம்புத்தூரில் சிங்காநல்லூர்க் குளமோ உக்கடம் பெரியகுளமோ இருக்கிறது. மற்ற ஊர்களில் பேரில்லாத ஊருணியாகவும் இருக்கலாம். ஒவ்வொரு ஆண்டும் ஈ.வி.எஸ். எழுதும் மாணவர்கள் அதன் நீர்மட்டத்தை, ஆக்சிஜனை, உப்பை, வந்த பறவைகளை, கொட்டப்பட்ட குப்பையை அளந்து ஒரே பதிவேட்டில் எழுதட்டும். பி.காம். மாணவர் மீன் குத்தகைக் கணக்கை எழுதலாம். வரலாறு படிப்பவர் வரத்துக் கால்வாய் போன வழியை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதலாம். பத்து ஆண்டில் அந்தப் பதிவேடு நீதிமன்றத்தில் வைக்கத் தகுந்த ஆவணம் ஆகும். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வாரம் ஒரு நாள் ஊர் மக்கள் கொண்டு வரும் கிணற்று நீரைச் சோதித்துச் சொன்னால், வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் தங்களுடையது என்று அவர்களுக்கும் தோன்றும்.

படிக்க என்ன கொடுக்கிறோம் என்பதையும் மாற்ற வேண்டும். தமிழில் இந்தத் துறைக்கு நல்ல எழுத்து உண்டு. மா. கிருஷ்ணனின் தமிழ்க் கட்டுரைகள், தியடோர் பாஸ்கரன், ச. முகமது அலி, நம்மாழ்வார் எழுதியவை எல்லாம் நூலகத்தில் கிடைக்கின்றன. பாடத்திட்டத்துக்குள் மட்டும் அவை வருவதில்லை. ஆங்கிலக் கையேட்டின் விளக்கங்களை மனப்பாடம் செய்து எழுதும் மாணவருக்கு, தன் ஊர்ப் பறவையைப் பற்றித் தன் மொழியில் எழுதியவர் இருக்கிறார் என்பதே தெரியாமல் மூன்று ஆண்டும் முடிந்துவிடுகிறது.

இந்த ஆண்டு இந்தப் படிப்பில் சேர நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. விண்ணப்பம் போடும் முன் அந்தத் துறைக்கு ஒரு முறை நேரில் போங்கள். போன ஆண்டு மாணவர்களின் களப் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு பருவத்தில் எத்தனை நாள் வெளியே கூட்டிப் போகிறார்கள், எந்தக் கருவி வேலை செய்கிறது, படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று கேளுங்கள். வனப்பணி ஆசை இருந்தால் பட்டப்படிப்பில் வேதியியலையோ தாவரவியலையோ விடாதீர்கள். பதிவேட்டை எடுத்து மேசையில் வைக்கும் துறை எந்த ஊரில் இருந்தாலும் தயங்காமல் சேருங்கள்.